விளக்கை அணைத்தது யார்

பதிப்பகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பரீட்சைக்கு நோட்ஸ் எழுதுகிறவர். பாடமாக வைத்த நாவலில் இரண்டு பிரதி வாங்குவார். ஒரு பக்கத்தை வெட்டினால் அதன் பின்பக்கம் பாழாகிவிடும் அல்லவா, அதற்குத்தான் இரண்டாவது. முக்கியமான வரிகளை வெட்டி, பாத்திரத்துக்கு ஒரு தாளாக ஒட்டி, ஓரத்தில் உவமை, குறியீடு, முரண் என்று எழுதுவார். பத்தே நாளில் நோட்ஸ் தயார். நாவலை முழுதாகப் படித்தாரா என்று கேட்டால், "அவ்வளவு பொறுமை இருந்தா நான் ஏன்யா நோட்ஸ் எழுதறேன்?" என்பார்.

அப்படி ஒட்டியதில் ஒரு துண்டு இடம் மாறிவிட்டது. "விளக்கை நான் அணைக்கவில்லை, அதுவாகத்தான் அணைந்தது." நாவலில் இதைச் சொல்பவள் வீட்டு எஜமானி. இவர் வேலைக்காரியின் தாளில் ஒட்டி, 'குறியீடு: அணைந்த விளக்கு ஏழையின் வாழ்வு' என்று விளக்கமும் எழுதித் தொலைத்தார். ஆசிரியர்களும் அதையே நடத்தினார்கள்.

அந்த வருடம் அதே பாடத்தைப் படித்தவள் அவருடைய மகள். வீட்டுப் பிரதிகளில் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. அதனால் நூலகத்தில் முழுப் புத்தகம் எடுத்து இரண்டு முறை படித்திருந்தாள். அரையாண்டுப் பரீட்சையில் அந்த வரியைச் சொன்னது யார் என்ற கேள்விக்கு எஜமானி என்று எழுதினாள். பூஜ்யம்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, எஜமானிதாம்பா சொல்றா! முந்தின அத்தியாயத்துல அவதானே ஊதி அணைக்கிறா? வேலைக்காரி சொன்னா அது வெறும் சேதி. இவ சொல்றதாலதான் அது பொய். கதையே அந்தப் பொய்லதாம்பா இருக்கு. டீச்சர்கிட்ட வந்து சொல்லுங்கப்பா."

அவர் நாவலின் பக்கங்களைப் புரட்டினார். அவள் சொன்னது சரி என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டால் அத்தனை பள்ளிக்கூடத்திலும் மானம் கப்பலேறும்.

"உனக்குக் கதை வேணுமா, மார்க் வேணுமா? நோட்ஸ்ல இருக்கறத எழுது" என்று அதட்டினார், பாவி மனிதர்.

அவள் அப்படியே எழுதித் தேறினாள். நூலகப் பக்கம் போவது நின்றுபோனது. பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம் வேறு. அடுத்த பதிப்பில் அந்தத் துண்டை ஓசைப்படாமல் எஜமானியின் தாளுக்கு மாற்றினார். மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு அந்த நாவலை ஓட்டையில்லாமல் ஒரு பிரதி வாங்கி, முதல் வரியிலிருந்து படித்தார். விளக்கு அணையும் இடத்தில் அழுதுவிட்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்.

"அன்னைக்கு நீ எழுதினதுதாம்மா சரி. எனக்கு அப்பவே தெரியும்."

"எந்தப் பரீட்சைப்பா?"

விவரம் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அட, அதையா இத்தனை வருஷமா மனசுல வெச்சிருக்கீங்க? நீங்க அதட்டினதாலதாம்பா நான் உருப்பட்டேன். இல்லேன்னா கதைப் புத்தகமும் கையுமாவே திரிஞ்சிருப்பேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். படியிறங்குவதற்குள் அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அப்பா, புத்தகத்த மறந்துட்டுப் போறீங்களே!"

கை நீட்டி வாங்கிக்கொண்டார்.