மஞ்சள் புள்ளிக்காரன்

என் மேசை இழுப்பறையில் கறுப்பாக, வட்டமாக ஒரு பொருள் உறை கிழிக்கப்படாமல் கிடக்கிறது. ஓர் இட்லி அளவுதான் இருக்கும். கணினியின் மவுஸை இதன் மேல் வைத்தால், உள்ளே ஒரு தட்டு மெல்லச் சுழன்று அதை அசைத்துக்கொண்டே இருக்கும். ஆள் கொல்லையில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாலும் அலுவலகத்தின் கண்ணுக்கு மும்முரமாக வேலை செய்வதாகத் தெரியும். இதை வாங்கித் தந்தவள் என் மகள். வாங்கித் தரும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் என் கடைசி மேலாளர்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்தேன். எந்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும், தவறு நடந்தால் யார் எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்பன போன்ற நடைமுறை ஆவணங்களை வரிவரியாகச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அவற்றில் பாதியை எழுதியவனும் நானே. நான் பார்த்து முடித்ததும் மேலாளர் படித்து ஒப்புதல் தர வேண்டும். கொரோனா காலத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு முழுதாகத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

வீட்டிலிருந்து வேலை என்றதும் எனக்கென்று ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. கைபேசி சமையலறையில் அரிசி டப்பாவின் மேல். மதியச் சாப்பாடு டப்பாவில் கட்டப்பட்டு என்னோடு கீழே, வாட்டர் ஹீட்டர் நிற்கும் பேஸ்மென்டுக்கு வரும். மேலே ஏறினால் தொலைக்காட்சியும் சோபாவும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஐந்து மணி வரை படியேற மாட்டேன். "பன்னெண்டு படி எறங்கி ஆபீஸ் போறவருக்கு லஞ்ச் பாக்ஸ் வேற. ஐடி கார்டு யாருக்கு, வாட்டர் ஹீட்டருக்கா?" என்பாள் மனைவி. சொல்லிக்கொண்டே தயிர்சாதத்தை அழுத்தி மூடுவாள்.

ஆவணங்களை நான் காகிதத்தில்தான் படிப்பேன். வீட்டில் அச்சிட ஒரு அனுமதிப் படிவம் உண்டு. அதை நிரப்பி ஒப்புதல் வாங்கியவன் எங்கள் பிரிவிலேயே நான் ஒருவன்தான். ஒவ்வொரு வரியின் கீழும் மர ஸ்கேலை வைத்து, பென்சிலோடு இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் படிப்பேன். அந்த இரண்டு மணி நேரமும் மவுஸ் அசையாது. அசையாவிட்டால் கணினியில் என் பெயரருகே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். ஆள் இருக்கையில் இல்லை என்று அதற்குப் பொருள்.

மேலாளர் என்னைவிட இருபது வயது இளையவர், டெல்லியில் வளர்ந்த தமிழர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு எழுத்துகூடப் படிக்க வராது. கோயிலில் பார்த்தால் அங்கிள், வேலையிலும் அங்கிள். ஒரு நாள் அழைத்தார். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டாட் எப்பப் பார்த்தாலும் யெல்லோவாவே இருக்கு. வீட்ல ஃபோகஸ் பண்றது கஷ்டம்தான், ஐ அண்டர்ஸ்டாண்ட். டைமர் வெச்சுக்கோங்க. நிறைய தண்ணி குடிங்க." காகிதம், பென்சில் என்று நான் ஆரம்பித்ததை அவர் கேட்கவில்லை. அந்த ஆண்டு மதிப்பீட்டில் 'கவனச் சிதறல், வேலையைத் தள்ளிப்போடும் போக்கு' என்று எழுதி, அறுபது நாள் சீர்திருத்தத் திட்டத்தில் என்னைப் போட்டார். அதில் தேறாவிட்டால் வேலை போகும். அறுபத்தைந்து வயதில் அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு எனக்கும் மனைவிக்கும் இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அவளுடைய இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று; காப்பீடு என் வேலையோடு கட்டப்பட்டிருந்தது.

மகள்தான் இந்த வட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "ஜஸ்ட் யூஸ் இட், அப்பா. எவ்ரிபடி டஸ்." நான் இழுப்பறையில் போட்டேன். முப்பது ஆண்டு பிறர் பொய்க் கையெழுத்தைப் பிடித்தவன், என் பெயரருகே ஒரு பொய்ப் பச்சையை வைத்துக்கொள்வதாக இல்லை. வேறொன்று செய்தேன். ஒன்றைச் செய்யாமல் விட்டேன் என்பதே சரி.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் மேலாளரைக் கூப்பிட்டு, "உங்ககிட்ட நாலு டாக்குமென்ட் நிக்குது, நாளைக்குக் கடைசி நாள்" என்று சொல்வது என் வழக்கம். தள்ளிப்போடுவதில் அவர் சமர்த்தர். அந்த அழைப்பு இருந்ததால்தான் அது வெளியே தெரியாமல் இருந்தது. சரிபார்ப்பவர் ஒப்புதல் தருபவருக்கு நினைவூட்ட வேண்டும் என்று ஒப்புதல் நடைமுறை ஆவணத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. எழுதியவனுக்குத் தெரியாதா? வியாழக்கிழமை அழைப்பை நிறுத்தினேன். என் பங்கை நாள் தவறாமல் முடித்து அவர் வரிசையில் சேர்த்தேன். ஆறு வாரத்தில் முப்பத்தேழு ஆவணங்கள் நின்றன. தினமும் அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். தயிர்சாதம் அவ்வளவு ருசித்ததில்லை.

ஏழாம் வாரம் உள்தணிக்கை. தணிக்கையாளர் மென்மையாகப் பேசும் ஒரு பெண்மணி. காணொளிக் கூட்டத்தில் மேலாளர் தன் திரையைக் காட்டினார். முப்பத்தேழுக்கும் முந்தின நாள் மதியமே ஒப்புதல் தந்திருந்தார், இருபது நிமிடத்துக்குள். அவற்றில் ஒன்று நூற்றுப்பன்னிரண்டு பக்கம். எல்லாவற்றையும் படித்தீர்களா என்று தணிக்கையாளர் கேட்டார். இரண்டு கைகளாலும் காபிக் கோப்பையைப் பிடித்தபடி, வரிவிடாமல் படித்ததாக மேலாளர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, திரையில் அம்புக்குறி தானாகச் சிறு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. லேப்டாப்பைத் தொட்டு வேலை செய்கிறவர், பக்கத்தில் மவுஸ் இதே மாதிரி ஒரு வட்டத்தின் மேல் அசைந்துகொண்டிருப்பதை மறந்துவிட்டார்.

அதை யார் நகர்த்துகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். பிறகு ஆறு வாரத்துக்கான பதிவுகளை வரவழைத்தார். மேலாளரின் புள்ளி நாள் முழுக்கப் பச்சை. திறந்த ஆவணம் ஒன்றுமில்லை. என் புள்ளி மஞ்சள். வேலை பாக்கி இல்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், பிரிவு எண்ணோடு. ஒரு மாதத்தில் மேலாளர் கம்பெனியில் இல்லை. என் சீர்திருத்தத் திட்டத்தை மூடினார்கள். மனைவி குறித்த நாளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள்.

போன வாரம் இந்தியக் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டி அருகே அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். "புது இடத்துலயும் ஒர்க் ஃப்ரம் ஹோம்தான், அங்கிள். ஆனா என்ன டைப் பண்றேன்கிறது வரைக்கும் மானிட்டர் பண்றாங்க. உக்காந்தா அஞ்சு நிமிஷம் ஃபோகஸ் வரமாட்டேங்குது. போன வாரம் வார்னிங் வேற குடுத்துட்டாங்க. நீங்க மட்டும் எப்படிப் பண்ணீங்க?"

உண்மையாகத்தான் கேட்டார். நான் ஒரு முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "டைமர் வெச்சுக்கோங்க. நிறைய தண்ணி குடிங்க."

அவருக்கு நினைவு வர ஒரு நொடி ஆயிற்று. முகத்தில் அது வந்து சேரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

காரில் மனைவி, "பாவம், புள்ளகுட்டிக்காரன். சொல்லிக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, அந்த வட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, உறையோடு திரும்ப வைத்தேன். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதனால் சட்டை, அடையாள அட்டை, அரிசி டப்பா, தயிர்சாதம், பன்னிரண்டு படி என்று முழு முறையையும் ஒன்று விடாமல் இங்கே எழுதிவிட்டேன். தேவைப்படுகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அவருக்குத்தான் தமிழ் படிக்க வராது.