தாளாளரின் வாய்

பெரம்பலூரில் பல் கிளினிக் நடத்தியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் "எனக்கு வாய் நாறுது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் பலருக்கு நாற்றமே இருக்காது. உள்ளங்கையில் ஊதி ஊதி முகர்ந்து, தாங்களாகவே பயந்துபோனவர்கள். நிஜமாக நாறுகிறவர்கள் பல் கூச்சம், பல் கறை என்று வேறு எதையாவது சொல்லிக்கொண்டு கம்பீரமாக வந்து உட்காருவார்கள்.

வயிற்றுச் சூடு

கிளினிக் திறந்த அன்று அரியலூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். "வயித்துல சூடும்மா, அதான் வாயில வாடை அடிக்குது" என்றார். நாக்கை நீட்டச் சொன்னேன். தோசைக்கல்லில் மாவு காய்ந்ததுபோல வெள்ளையாக அப்பியிருந்தது.

"நாக்கு வழிக்கிறது உண்டா?"

"பல்லத்தானம்மா வெளக்கணும்?"

பாவம், வயிற்றின் மேல் வீண் பழி. வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலேதான் பிறக்கிறது. நாக்கில் படிந்த அழுக்கு, சொத்தை, ஈறில் கட்டிய சீழ், எச்சில் வற்றிய வாய், இவைதான் காரணம். காலையில் எழுந்ததும் எல்லார் வாயும் நாறும், அது நோயில்லை. பூண்டும் பீடியும் அவரவர் விருப்பம். டான்சில், சைனஸ் என்றால் காது மூக்கு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அபூர்வமாகச் சில வாடைகள் உடம்புக்குள்ளிருந்து மூச்சோடு வரும். அவற்றைத் தவறவிட்டால் ஆளே போய்விடுவார்.

ஆண்டு விழா பிளெக்ஸ்

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அதன் தாளாளர் ஒருநாள் காரில் வந்து இறங்கினார், கூடவே மேனேஜர்.

"ஆண்டு விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்கிறோம் டாக்டரம்மா. பல்லு பளிச்சுனு இருக்கணும்."

வாயைத் திறந்தார். ஈறெல்லாம் ரத்தமும் சீழும். நான் மாஸ்க் போட்டிருந்தும் பயனில்லை. ஆனால் அந்த நாற்றத்துக்கு மேலே இன்னொரு வாடை, அழுகிய பழம்போல இனிப்பாக, மூச்சோடு வந்தது. அது பல்லிலிருந்து வருவதில்லை.

"அடிக்கடி தண்ணி குடிக்கிறீங்களா சார்?"

தாளாளர் பதில் சொல்லுமுன் மேனேஜர் முந்திக்கொண்டார். "வெயிலு மேடம். பெரம்பலூர் வெயில்ல யாரு குடிக்காம இருப்பா?"

"எடை குறைஞ்சிருக்கா?"

"சார் வாக்கிங் போறாங்கல்ல! காலேஜ் பையன் மாதிரி ஆயிட்டாங்க."

மேனேஜர் இதையெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார். கேட்டால் ஜலதோஷமாம்.

நான் நேராகவே சொன்னேன். "சார், உங்க வாய் ரொம்ப நாறுது. சுகர் எக்கச்சக்கமா ஏறியிருக்கும்னு தோணுது. அதப் பாக்காம பல்லுல கை வைக்க மாட்டேன்."

தாளாளர் முகம் சிவந்தது. "எங்கிட்ட இத்தன டீச்சருங்க வேல பாக்கறாங்க. ஒருத்தர் சொன்னதில்ல. பல்ல வெளுக்கச் சொன்னா என்னயே வெளுக்குறீங்களா? இனிமே நம்ம ஸ்கூல் கேம்ப்புக்கு நீங்க வர வேணாம்."

அந்தப் பள்ளியில் நான் நடத்திய பல் பரிசோதனை முகாமிலிருந்துதான் பாதிக் குடும்பங்கள் என்னிடம் வந்தன. மனசு கணக்குப் போடத்தான் செய்தது. "கேம்ப் போனாப் போகுது சார், விரல நீட்டுங்க" என்றேன். என் பிடிவாதத்தைப் பார்த்தோ என்னவோ, நீட்டினார்.

குளுக்கோமீட்டரில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் அது 'ஹை', அதாவது அதிகம் என்பதைச் சுருக்கி, 'HI' என்று இரண்டே ஆங்கில எழுத்தைக் காட்டும்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பாருங்க சார், மெஷினே உங்களுக்கு ஹாய் சொல்லுது!"

மேனேஜர் சிரித்து அடங்குவதற்குள் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தாளாளரைக் காரில் ஏற்றி அனுப்பினேன். ஐ.சி.யு.வில் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

உடம்பு தேறியதும் தாளாளர் ஈறு வைத்தியத்துக்கு மனைவியோடு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஸ்டாஃப் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டேன் டாக்டரம்மா. 'நாத்தமா, உங்ககிட்டயா சார்'ங்கறாங்க. இப்பவும் அதேதான்." பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அந்தம்மா அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். "கல்யாணம் ஆன புதுசுல ஒரு வாட்டி சொன்னேன். மூணு மாசம் எங்கூடப் பேசல நீங்க. அதுக்கப்புறம் செவத்தப் பாத்துப் படுத்துக்கப் பழகிட்டேன்."

தாளாளர் நான் கேட்காமலே வாயை அகலமாகத் திறந்தார்.

புதிதாகக் கிளினிக் திறக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் நாற்காலியில் எவ்வளவு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தாலும், நாறினால் நாறுகிறது என்று சொல்லிவிடுங்கள். பெரிய ஆளாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; அவருக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.