எனக்கென்று ஒரு கிளாஸ்

ஒரு வருடமாகத் துறைமுக ஆபீசில் நான் ஓவர்டைம் பார்ப்பதில்லை. மாலையில் ராயபுரம் கடற்கரையில் நடை, பிறகு வீட்டில் படிப்பு. கொஞ்சம் மனிதனாகலாம் என்ற ஆசை.

இன்று டிராமை விட்டிறங்கி, வழக்கமான கடையில் டீ கேட்டு, கையருகே இருந்த கிளாஸை நானே எடுத்து நீட்டினேன். கடைக்கார பாய் பதறினார்.

"அத்த வையி சார்! உனுக்குத்தான் தனி கிளாஸ் கீதே."

"எதுக்கு பாய்?"

"உனுக்கு டீபியாமே. அதான் ஓவர்டைம வுட்டுட்டு கடல்காத்து வாங்குறியாம். உன் ஆபீஸ் தோஸ்து அப்பவே சொல்ட்டாரு."

இப்போது என் ஓவர்டைமையும் சேர்த்துப் பார்ப்பவன் அந்த நண்பன்தான்.

"நோயில்லை பாய், படிக்கிறேன்" என்றேன்.

"அல்லா கொணமாக்குவான் சார்" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் எனக்குக் காப்பி தந்த டம்ளரை எங்கே ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?