சூட்டி சாப்பிடாமல் போன நாட்கள்

எங்கள் நாய்க்குச் சூட்டி என்று பெயர். சிங்களத்தில் சின்னது என்று அர்த்தம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு சிங்கள வீட்டிலிருந்து அப்பா அதைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்த அன்று பொருத்தமாக இருந்த பெயர், றக்வானப் பக்கத்து எங்கள் தோட்டத்திலேயே அது பெரிய நாயாக வளர்ந்த பிறகும் மாறவில்லை.

அப்பா மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகும்போது சூட்டி முன்னால் ஓடும், அவர் பின்னால் பேசிக்கொண்டே போவார். எங்களிடம் சொல்லாத பலதும் அதற்குத் தெரிந்திருக்கும்.

எனக்குப் பத்து வயதான வருஷம், மழை விடாமல் பெய்த ஒரு மாதத்தில், சூட்டிக்குக் கால் மூட்டுகள் வீங்கின. காலையில் எழும்பும்போது முன்கால்களை ஊன்றிவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் அப்படியே நிற்கும். நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து பாதைக்கு இறங்கும் கற்படிகளின் மேல் நின்று, அப்பா போகிற பக்கம் பார்த்து முனகும். அப்பா அதன் மூட்டுகளுக்குத் தைலம் தேய்ப்பார். "வயசாச்சுல்ல, அப்புடித்தான் இருக்கும்" என்று அதனிடமே சொல்வார். அதன் பிறகு தனியாக மலைக்குப் போவார். போகும்போது வாய் அசையாது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவுக்கும் முழங்கால் வலி. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கி வந்த வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்பு மாத்திரைகளைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். அதைப் போட்ட அரை மணித்தியாலத்தில் அம்மா சுகமாக நடமாடுவாள். அம்மாவின் முழங்காலைச் சரிசெய்யும் மருந்து சூட்டியின் முழங்காலையும் சரிசெய்யாதா என்று யோசித்தேன். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான்.

அம்மாவின் உறையிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு மாத்திரையை எடுத்து, ரொட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு வாலை ஆட்டியது. அடுத்த நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் சூட்டி தானாகப் படி இறங்கி, அப்பாவோடு பாதை வளைவுவரை போய்வந்தது. அப்பா வாசலில் நின்று சிரித்தார்.

"தைலம் புடிச்சிருச்சு பாத்தியா?" என்றார் அம்மாவிடம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றுக்கு இவ்வளவு என்றால் இரண்டுக்கு எவ்வளவு என்று, அன்றிலிருந்து இரண்டு கொடுத்தேன்.

நான்கைந்து நாளில் சூட்டி சாப்பாட்டை விட்டது. முதலில் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா கருவாட்டைச் சுட்டுப் பிசைந்து வைத்தாள். அதையும் தொடவில்லை. அப்பா தன் தட்டிலிருந்தே ஒரு கவளத்தை உருட்டி வாயருகே பிடித்தார். சூட்டி அவர் கையை நக்கியது, சோற்றை விட்டுவிட்டது. வலி கூடிவிட்டதால்தான் பசி போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன். ரொட்டியும் இறங்காததால் அதன் வாயைத் திறந்து, மாத்திரைகளை விரலால் தொண்டைக்குள் தள்ளினேன். அது கடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு விழுங்கியது. உறையில் இருந்த கடைசி இரண்டையும் அப்படித்தான் கொடுத்தேன்.

மறுநாள் அது கறுப்பாக, தார்போல வெளிக்குப் போனது. அப்பா வேலையை விட்டுவிட்டு, கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் அதைச் சுற்றித் தூக்கி, ஆட்டோவில் எம்பிலிப்பிட்டியவுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மிருக வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். ஈறு வெள்ளையாகக் கிடந்தது.

"மினிஸ்சுன்கெ பெஹெத் மொனவஹரி துன்னாத?" என்று கேட்டார். மனிதர்களின் மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று.

"நே, டொக்டர் மாத்தயா," என்றார் அப்பா.

வைத்தியர் இன்னொரு முறை கேட்டார். வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிவிடும், இது அப்படித்தான் தெரிகிறது என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எனக்கு ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. அப்பா மறுபடியும் இல்லை என்றார். நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் சூட்டி செத்துப்போனது.

மரக்கறித் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அப்பா தனியாகக் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று கேட்டார்.

"யாரு குடுத்தது?"

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தாங்க குடுத்தேன். அது மொனகுறத பாக்க முடியல," என்றாள்.

அப்பா கையில் காய்ந்திருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்று மட்டும் சொன்னார். அடுத்த பல வாரங்கள் அம்மா வைத்த சாப்பாட்டை வெளியே கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். பேசுவதற்கு இருந்த ஒரே ஆளும் மண்ணுக்குள் போயிருந்தது.

எனக்கோ முதலில் உயிர் வந்ததுபோல் இருந்தது. அம்மாவும் கொடுத்திருக்கிறாள்! அப்படியானால் நான் கொடுத்தது கொஞ்சம்தான், அம்மா கொடுத்ததுதான் கொன்றிருக்கிறது. அன்று மாலைக்குள் அந்த நிம்மதி கோபமாகிவிட்டது. அம்மாவிடம் தலை பின்னக் கொடுக்கவில்லை. நானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவள் கூப்பிட்டால் கேட்காததுபோல் இருந்தேன். "சூட்டியக் கொன்னது நீங்கதான்," என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மா, "சரி, சாப்பிடு," என்றாள்.

அந்த மாதம் அவள் முழங்காலில் பழைய சீலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று மலைக்குப் போனாள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் மாத்திரை போடாமல் துணியைக் கட்டுகிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் நான் எடுத்து முடித்திருந்தால், நாய்க்குக் கொடுக்க அவளிடம் ஏது மாத்திரை என்றும் தோன்றவில்லை.