உறையில் ஓடும் நாய்

ராஜபாளையம் டீக்கடையில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பழைய தபால் உறை கையில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அடிமை வைத்திருந்தவர்களைக் கேலி செய்ய அச்சடித்தது. அதிலுள்ள படத்தில், சாட்டையோடு எசமான் தடுக்கி விழ, அடிமை தப்பி ஓடுகிறான். அவனோடு ஒரு நாயும் ஓடுகிறது.

பக்கத்தில் இருப்பவர், விற்றுவிட்ட தன் வெள்ளை நாயை மதுரையில் வாங்கியவரிடம் ஒப்படைக்கப் போகிறவர். நாய் சங்கிலியோடு அவர் காலடியில் படுத்திருக்கிறது. உறையை வாங்கி, படத்திலுள்ள நாயை மட்டும் பார்க்கிறார்.

“நாய் அவனைப் புடிச்சிருமோ?” என்கிறேன்.

“புடிக்காது சார். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுல்லா கூட ஓடுது.”

“எசமான் நாயாச்சே?”

“வாங்குனது அவரு. சோறு வச்சது இவன்லா?”

பஸ் வருகிறது. அவர் எழுந்து சங்கிலியை இழுக்கிறார். வெள்ளை நாய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறது.