ஈரத்தில் ஒரே கோடு

மணிக்கட்டு முறிந்து கணவனால் ஸ்பேனர் பிடிக்க முடியாமல் போன நாட்களில்தான் தையல்காரி அவன் பைக்கில் கைவைத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்வான், இவள் செய்வாள். கட்டுப் பிரித்த பிறகும் வேலை இவளிடமே தங்கிவிட்டது. ஞாயிறு காலை தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு பைக் செயினுக்கும் விடுவாள். சக்கரத்தின் ஸ்போக்குகளை விரலால் சுண்டிக் கேட்பாள். தளர்ந்தது மட்டும் மந்தமாகப் பேசும்.

கொஞ்ச நாளாக வண்டி இடப்பக்கமே இழுக்கிறது என்றான் கணவன். முறிந்ததும் இடது கைதான்.

"கை போச்சு. மருந்துப் பெட்டியோட தெருத்தெருவா சுத்தறது இனி ஆகாது. நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடறேன், குடோன்ல உக்கார வைக்கட்டும்."

ஒரு இடத்தில் அரைமணி நேரம் உட்காரமாட்டாத மனிதன். சொல்லிவிட்டு, துணி துவைத்த தண்ணீர் தேங்கிய வாசல் வழியாக வண்டியை உள்ளே தள்ளினான். உலர்ந்த சிமெண்டில் ஈரத்தடம் விழுந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக விழவேண்டிய இரண்டு டயர் தடமும், கோணிப்போன தையல் மாதிரி விலகிக் கிடந்தன.

அவள் குனிந்து பார்த்தாள். "உங்க கை இல்லீங்க இது. நான் பண்ண வேலை. செயின் டைட் வெச்சேன்ல, பின்சக்கரம் கோணிப்போச்சு."

"ரெண்டு பக்கமும் கோட்டை எண்ணித்தானே வெச்சே?"

பின் அச்சின் இரு முனைத் தகடுகளிலும் இருக்கும் அளவுக் கோடுகளை எண்ணித்தான் வைத்தாள். ஆனால் அவன் வண்டியோடு விழுந்த பிறகு, கடையில் ஒரு பக்கத் தகட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். புதிய தகட்டின் கோடும் பழையதன் கோடும் ஒன்றல்ல என்பது இப்போதுதான் உறைத்தது.

தையல் கூடையிலிருந்து தடித்த நூலை எடுத்தாள். பின்டயரைச் சுற்றி, இரு பக்கமும் முன்டயர் வரை இழுத்துக் கட்டினாள்.

"அண்ணி, வண்டிக்கு ஜாக்கெட்டா?" என்று சிரித்தாள், துணி துவைத்துவிட்டு வந்த நாத்தனார்.

"கைய வெச்சுக்கிட்டு சும்மா நில்லு. நூல் ஆடுது."

முன்சக்கரத்தின் ஒரு பக்கம் நூல் ஒட்டி நின்றது. மறுபக்கம் விரல் நுழைந்தது. பின்சக்கரத்தின் அச்சு நட்டைத் தளர்த்தி, திருகைத் துளித்துளியாகத் திருப்பினாள். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. நாத்தனாரின் சிரிப்பு எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது. ஊதினால் ஆடும் நூல். அதன் சொல்லுக்கு அத்தனை கனத்த இரும்பு மெல்ல நகர்ந்து, இருபுறமும் சமமாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு உடம்பு சிலிர்த்தது.

செயினின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நட்டை இறுக்கினாள் தையல்காரி.

அவன் தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். வாசல் தண்ணீரைக் கடந்து வந்து நின்றான். இறங்கித் திரும்பிப் பார்த்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். சிமெண்டில் ஒரே ஒரு கோடு.

வாளியோடு வந்த நாத்தனார் அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

"நாளைக்கு முதலாளிகிட்ட என்ன சொல்லப்போறீங்க?" என்று கணவனைக் கேட்டாள் தையல்காரி.

தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பெட்டி கட்ட புதுக் கயிறு வேணும்னு."