மீனில்லாத தொட்டிக்குத் தீனி

அலெக்சாந்திரியாவில் வஹீப் வாத்தியாருக்குத் தினமும் காலையில் இன்சுலின் போடுவது என் வேலை. மனைவி இறந்த பிறகு, அவள் படுத்திருந்த கட்டிலை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி வைத்தார். மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களை வளர்க்க ஆசை. பாறைகளை அடுக்கி, மணல் பரப்பி, தண்ணீரும் நிரப்பியாயிற்று. மீன் மட்டும் இல்லை. ஆனாலும் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டார்.

எதிர்வீட்டு சுஆத் அதைப் பார்த்துவிட்டாள். "மீனே இல்லாத தண்ணிக்குச் சோறு போடுறார் மனுஷன். மறை கழண்டுடுச்சு!" என்று கனடாவிலிருக்கும் அவர் மகள் நிவீனுக்குப் போன் செய்தாள்.

ஹஜ் போய்வந்தவள் என்பதால் எல்லாருக்கும் நான் ஹாஜ்ஜா. நிவீன் பதறிப்போய் என்னை அழைத்தாள். "ஹாஜ்ஜா, அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சா? வியாழக்கிழமை கிளம்பி வரேன்."

"பொறு, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

வஹீப் தெளிவாகவே விளக்கினார். தீனி அழுகினால்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் வளரும்; அதற்கு ஒரு மாதம் ஆகும்; அவசரப்பட்டு மீனை விட்டால் செத்துப்போகும். புத்தியைச் சோதிக்க நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். தப்பில்லாமல் இரண்டு வரை இறங்கினார்.

அவர் எதிரிலேயே நிவீனிடம் போனில் சொன்னேன்: "உங்கப்பாவுக்கு என்னைவிட நல்ல புத்தி."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

வஹீப் ஊசிக்காகச் சட்டையைத் தூக்கினார். "என்ன சொன்னா?"

"வியாழக்கிழமை வரதா இருந்தா. இனி வரமாட்டா."

ஊசி போட்டு முடித்ததும் அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் கழண்டிருக்குன்னு சொல்லியிருக்கக் கூடாதா, ஹாஜ்ஜா?"